பட்டறையிலும் குடோனிலும் கண்ணெதிரே நிற்கும் ஆபத்துகள்: வேலைக்குப் புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

வட சென்னையின் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சிறிய லேத் பட்டறைக்குள் நுழைந்தால், மோட்டாரிலிருந்து இயந்திரத்துக்குச் செல்லும் பெல்ட் திறந்தபடி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதை மறைக்க வேண்டிய கம்பிவலை மூடி, எப்போதோ பழுதுபார்க்கக் கழற்றப்பட்டு, திரும்ப மாட்டப்படாமல் சுவரோரம் சாய்ந்திருக்கும். இன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நேற்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தத் திறந்த பெல்ட் ஓர் ஆபத்து. உடலுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பொருள், இயந்திரம், இடம், வேலைமுறை எல்லாவற்றையும் தொழிற்பாதுகாப்புத் துறையில் ஆபத்து என்றே கொள்கிறார்கள். அந்தக் கேடு நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்ற இரண்டையும் சேர்த்து மதிப்பிடுவது இடர். பெல்ட் இருக்கும் மூலைக்கு யாருமே போவதில்லை என்றால் இடர் குறைவு. அதே மூலையில்தான் குடிதண்ணீர்க் கேன் வைக்கப்பட்டிருக்கிறது என்றால், இயந்திரம் அதேதான், இடர் பன்மடங்கு. விபத்து இவை எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியாக வருவது.

இந்த வரிசையைப் புரிந்துகொள்வதுதான் பாதுகாப்பின் முதல் பாடம். விபத்து நடந்த பிறகு, "அந்தப் பையன் கவனமாக இருந்திருக்கலாம்" என்று சொல்லி முடித்துவிடுவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. அடிபட்டவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் இருந்தார் என்பதும், மூடி சுவரோரம் கிடந்தது என்பதும், அதைப் பார்த்துக்கொண்டே பலர் நடந்துபோனார்கள் என்பதும் அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. மனிதரின் கவனம் களைப்பிலும் பசியிலும் வெயிலிலும் தளரக்கூடியது. அது தளரும் என்று தெரிந்தே வேலையிடத்தை அமைப்பது முதலாளியின் பொறுப்பு, அப்படி அமைந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்துகொள்வது வேலை செய்பவருக்கு நல்லது.

கண்ணெதிரே இருப்பது ஏன் தெரிவதில்லை என்பதற்கு மணலி ஒரு பெரிய எடுத்துக்காட்டு. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் பல ஆண்டுகளாகக் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து நகரத்தின் ஒரு பகுதியையே சிதைத்தது. அதற்குப் பிறகுதான், சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இருப்பது பொதுவெளியில் பேசப்பட்டு, அதே மாதத்தில் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்து ஆண்டுகளும் அது மறைத்து வைக்கப்படவில்லை. ஆவணங்களில் இருந்தது, கன்டெய்னர்களில் இருந்தது. ஒன்றும் ஆகாமல் கழிந்த ஒவ்வொரு நாளும், இனியும் ஆகாது என்ற நம்பிக்கையை வளர்த்துவிடுகிறது. ஒரு பட்டறையின் தரையில் குறுக்கே கிடக்கும் வெல்டிங் கேபிளுக்கும் இதே கதைதான்.

பார்ப்பது எப்படி

இயந்திரங்கள் நின்றிருக்கும் காலை வேளையில் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. வேலை மும்முரமாக நடக்கும்போது, முடிந்தால் ஷிப்ட் மாறும் நேரத்தில் பார்க்க வேண்டும். அவசரமும் நெரிசலும் அப்போதுதான் வெளிப்படும். ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே உடலைத் தாக்கக்கூடிய விசை எது என்று கேட்டுக்கொண்டால் போதும். சுழல்வது, அழுத்துவது, மேலிருந்து விழக்கூடியது, மின்சாரம், வெப்பம், அழுத்தத்தில் அடைபட்ட காற்றோ வாயுவோ, நஞ்சான ஆவி, இவற்றுள் ஏதாவது ஒன்று அநேகமாக எல்லா ஆபத்துக்கும் அடியில் இருக்கும். அதற்கும் மனித உடலுக்கும் நடுவே தடுப்பாக என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. "பார்த்துச் செய்வார்கள்" என்பது மட்டுமே பதிலாகக் கிடைத்தால், அங்கே தடுப்பு இல்லை என்று பொருள்.

அந்தக் கூடத்தில் மிகப் புதிதாகச் சேர்ந்த ஹெல்பரிடம், எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று கேட்பது நல்ல பலன் தரும், ஏனெனில் அவர் கண்ணுக்கு இன்னும் எதுவும் பழகவில்லை. பழைய ஆட்களிடம் வேறு கேள்வி கேட்க வேண்டும்: இதுவரை எங்கெல்லாம் நூலிழையில் தப்பித்தீர்கள் என்று. தலைக்கு ஓரடி தள்ளி விழுந்த ஸ்பேனர், கை எடுத்த பிறகு இறங்கிய பிரஸ், வழுக்கியும் விழாமல் பிடித்துக்கொண்ட கணம் ஆகிய இவை யாருக்கும் காயம் தராததால் டீக்கடைப் பேச்சோடு மறைந்துவிடுகின்றன. அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹைன்ரிச் என்பவர் 1931இல், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 நிகழ்வுகளும் இருக்கின்றன என்று கணக்குச் சொன்னார். அந்த விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்று பின்னர் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள், அந்த மறுப்பு சரியானதே. ஆனால் தப்பித்த நிகழ்வுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து வாரம் ஒருமுறை படித்துப் பார்க்கும் பட்டறை, தன் ஆபத்துகளைச் செலவில்லாமல் தெரிந்துகொள்கிறது என்பதில் ஐயமில்லை.

ஹெல்மெட் கடைசியில் வருவது ஏன்

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட்டும் கையுறையும் ஷூவும் நினைவுக்கு வருகின்றன. உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரிசையில் இவை கடைசி இடத்தில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கேடு குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைக்கலாமா என்று பார்க்க வேண்டும். அதுவும் முடியாதபோது மனிதரையும் ஆபத்தையும் பிரிக்கும் மூடி, வேலி, புகைபோக்கி போன்ற அமைப்புகள். அவற்றுக்குப் பின் பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, வேலை நேர மாற்றம் முதலிய நிர்வாக ஏற்பாடுகள். இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருக்கும் இடருக்குத்தான் உடலில் அணியும் பாதுகாப்புச் சாதனங்கள்.

தகடு வெட்டும், வளைக்கும் பவர் பிரஸ் ஒன்றை வைத்து இதைப் பார்க்கலாம். வட சென்னையின் சிறு பட்டறைகளில் விரல்களைப் பறிக்கும் இயந்திரங்களுள் இது முக்கியமானது. ஒரு கையால் தகட்டை டை என்னும் அச்சின் மேல் வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேல்டை இறங்குகிறது. வெட்டிய துண்டை விரலால் எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். துண்டுக் கணக்கில் கூலி என்றால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இந்த அசைவு நடக்கும், அதில் ஒருமுறை கால் முந்திவிட்டால் போதும். இங்கே கையுறை கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாததற்குச் சமம்; டன் கணக்கில் இறங்கும் விசையைத் துணியோ தோலோ தடுக்காது. காந்தம் பொருத்திய கம்பியாலோ இடுக்கியாலோ தகட்டை வைத்து எடுக்கும்படி செய்தால், விரல் டைக்குள் போக வேண்டிய தேவையே நீங்குகிறது. பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இறங்கும் இரட்டைப் பொத்தான்களை வைத்தால், பிரஸ் இறங்கும்போது இரண்டு கைகளும் பொத்தான்களின் மேல்தான் இருக்கும். சில இடங்களில் வேகம் குறைகிறது என்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுகிறார்கள். அப்படி ஒட்டப்பட்ட டேப்பைப் பார்த்தால், துண்டுக் கணக்குக் கூலி அங்கே எவ்வளவு நெருக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேப்பை மட்டும் பிய்த்தெறிவதால் அந்த நெருக்கடி தீராது.

அணியும் சாதனமே ஆபத்தாக மாறும் இடங்களும் உண்டு. லேத், டிரில்லிங் இயந்திரம் போன்று பொருளோ கருவியோ வேகமாகச் சுழலும் வேலைகளில் கையுறை அணியக்கூடாது. சுழலும் டிரில் பிட், கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால், கையை விடுவித்துக்கொள்ள நேரமே இராது. விரல், சில சமயம் கை முழுவதும் இழுக்கப்படும். தளர்ந்த சட்டைக் கை, தோளில் கிடக்கும் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கயிற்றைக் கழற்றச் சொல்வது சிலரின் மனத்தைப் புண்படுத்தும் என்பதால், காரணத்தை விளக்கி, வேலை நேரத்தில் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது மேஸ்திரியின் கடமை. சுருண்டு வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கியாலும் பிரஷாலும் அகற்ற வேண்டும், அதுவும் லேத் நின்ற பிறகு.

கை கிரைண்டரில் அடிக்கடி காணப்படும் தவறு, மூடியைக் கழற்றிவிட்டு அதில் பெரிய அளவு வீலை மாட்டுவது. ஒவ்வொரு வீலின் மேலும் அது தாங்கக்கூடிய உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கிரைண்டரின் வேகம் பெரிய வீலின் வரம்பைத் தாண்டிவிடுவதால், வீல் சுழலும்போதே உடைந்து துண்டுகள் பறக்கின்றன. அந்தத் துண்டுகள் இயக்குபவரின் முகத்துக்கு நேராகவே வரும். கண்ணாடி அணிவது இங்கே கட்டாயம்தான், ஆனால் சரியான வீலும் மூடியும்தான் முதல் காப்பு.

நிறுத்திய இயந்திரம் உண்மையில் நின்றிருக்கிறதா

பழுதுபார்க்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் நேரும் விபத்துகள் தனி வகை. ஒருவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு உள்ளே கையை விட்டிருப்பார். மின்சாரம் போயிருந்தது வந்துவிடும், அல்லது விவரம் தெரியாத இன்னொருவர் ஸ்விட்சைப் போட்டுவிடுவார். கலவை இயந்திரங்களிலும் கன்வேயர்களிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இதைத் தடுக்கும் முறை எளியது: மெயின் ஸ்விட்சை அணைத்து அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியை உள்ளே வேலை செய்பவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், பூட்டின் மேல் தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். மூன்று பேர் உள்ளே வேலை செய்தால் மூன்று பூட்டுகள். பூட்டு மாட்ட இடமில்லாத பழைய ஸ்விட்ச் என்றால், எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அதைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஒருமுறை இயக்கிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்த பின்பே கையை விட வேண்டும். அணைத்த பிறகும் தூக்கிய நிலையில் நிற்கும் பாரமும், குழாயில் அடைபட்ட காற்றழுத்தமும், இழுபட்ட ஸ்பிரிங்கும் விசையோடுதான் இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது.

மின்சாரத்தைப் பற்றி வட சென்னையில் பேசும்போது மழையை விட்டுவிட்டுப் பேச முடியாது. வடகிழக்குப் பருவமழையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, எருக்கஞ்சேரிப் பகுதிகளின் தாழ்வான பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல இடங்களில் அது நாள்கணக்கில் வடியவில்லை. தண்ணீர் இறங்கியதும் ஆர்டரை முடிக்க வேண்டிய அவசரத்தில் மோட்டாரை ஓட விடுவது வழக்கம். நனைந்த மோட்டாரின் சுருள்களுக்குள் ஈரம் இருக்கும். இயந்திரத்தின் உடல் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். உலர்த்தி, எலக்ட்ரீஷியன் மெகர் கருவியால் காப்புத்தன்மையைச் சோதித்த பின்பே இணைப்புக் கொடுக்க வேண்டும். சாதாரண நாளிலும், மூன்றாவது கம்பியான எர்த்தை வெட்டிவிட்டு இரண்டு கம்பிகளைத் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் சொருகும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கை கருவிகள் ஓடும் சுற்றில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை அறுத்துவிடும் ஆர்சிசிபி என்னும் ஸ்விட்சைப் பொருத்தினால், ஷாக் அடித்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு பட்டறை முதலாளி பாதுகாப்புக்காக ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருந்தால், அது இதுவாக இருக்கட்டும் என்பேன்.

தீயைப் பொறுத்தவரை, வெல்டிங் பொறியும் காலி டிரம்மும் தனித்துக் குறிப்பிட வேண்டியவை. வெல்டிங், கட்டிங் பொறிகள் பத்து மீட்டர் தொலைவு வரைகூடத் தெறித்து, கழிவுப்பஞ்சிலோ அட்டைப்பெட்டிக் குவியலிலோ விழுந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றிக்கொள்ளும். அதனால் வேலை முடிந்தும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கே காத்திருந்து பார்க்க வேண்டும். தின்னரோ பெட்ரோலோ இருந்த டிரம் காலியானதாகத் தோன்றினாலும் அதன் மடிப்புகளில் எஞ்சிய துளிகள் ஆவியாகி உள்ளே நிரம்பியிருக்கும். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடமில்லை, காலி டிரம்மில் முழுவதும் ஆவிதான். கேஸ் கட்டர் பட்டதும் அது வெடிக்கிறது. பழைய இரும்புக் கடைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது. வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல் வலி தொடங்கும். வெல்டருக்கு ஷீல்டு இருக்கிறது, பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெல்பருக்கு இருப்பதில்லை.

காற்றில் இருப்பது

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளில் வாயுக்கள் மிகக் கொடியவை, அவற்றைப் பற்றி இந்தப் பகுதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத்திணறலோடு வீடுகளைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே அம்மோனியாதான் ஐஸ் ஃபேக்டரிகளில் குளிரூட்டும் வாயுவாகவும் பயன்படுகிறது. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் ஐஸ் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்றாலும், அழுத்தத்தில் திரவமாக இருந்தது கசியும்போது குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு பரவக்கூடும். அது ஈரத்தைத் தேடிச் சேரும் வாயு. கண், தொண்டை, நுரையீரல் ஆகிய ஈரமான இடங்களையே எரிக்கிறது. கசிவு தெரிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கத்துக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்ட உயரத்தில் ஒரு துணிக்கூம்பைப் பறக்கவிடுவது மிக மலிவான ஏற்பாடு.

அம்மோனியா தன் நெடியால் நம்மை எச்சரித்துவிடுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு அப்படிப்பட்டதல்ல. கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை, மீன் கழிவு அழுகிக் கிடக்கும் விசைப்படகின் அடித்தளம் ஆகியவற்றில் இது உருவாகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும்; அளவு கூடும்போது மூக்கின் உணரும் திறனையே அது முடக்கிவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி உள்ளே இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி விழுகிறார். காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கியே நிற்கும். நச்சு வாயுவே இல்லாவிட்டாலும், மூடிக் கிடந்த தொட்டியில் துருவும் அழுகலும் பிராணவாயுவைத் தின்றுவிடும். வழக்கமாகக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் அது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த இடம் ஆபத்தானது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும், எரியும் வாயு இருந்தால் அந்தக் குச்சியே வெடிப்பை உண்டாக்கும். கருவியால் அளந்து பார்க்காமல் இறங்கக்கூடாது.

இத்தகைய சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்று உண்டு. முதலில் இறங்கியவர் மயங்குகிறார். அண்ணனையோ தம்பியையோ காப்பாற்ற இரண்டாமவர் குதிக்கிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாள்களில் இரண்டு, மூன்று என்று சாவு எண்ணிக்கை வருவதற்கு இந்த அன்பே காரணமாகிவிடுகிறது என்பது மனத்தை அறுக்கிறது. மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. மேலிருந்தபடியே இழுக்கும்படி இடுப்பு வாரும் கயிறும் முன்பே கட்டியிருக்க வேண்டும். மலக்குழிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் வகுத்த இழப்பீடு, 2023 அக்டோபரில் அதே நீதிமன்றத்தால் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இறங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், கூலி எவ்வளவாக இருந்தாலும், மறுப்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது.

மெதுவாகத் தாக்குபவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இரைச்சல் காதைக் காலப்போக்கில் கெடுக்கும் அளவுக்கு இருக்கிறது. போன கேட்புத்திறன் திரும்புவதில்லை. கல், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் நோயைத் தரும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு எழுவதே பெரும்பாலும் நின்றுவிடும், இதற்கு எந்த முகக்கவசமும் ஈடில்லை. மே மாத வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேரும்போது வியர்வை உலராமல் உடல் சூடு ஏறுகிறது. குழறிப் பேசுபவரையோ, தடுமாறுபவரையோ நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக் குளிர வைத்துவிட்டு 108க்கு அழைக்க வேண்டும். சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டை துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்று கால் நரம்பு சுருண்டுபோன பெண்கள் எத்தனையோ பேர். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாற்காலியைப் போட்டுவிட்டு உட்காரவிடாமல் செய்வது அந்தச் சட்டத்தை ஏமாற்றுவதாகும்.

கட்டட வேலையில் சாரத்தின் விளிம்பில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்பதையும், ஏணி அதன் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி ஊன்றப்பட்டிருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலைப் பகுதிக் கன்டெய்னர் யார்டுகளில் லாரியின் பின்னால் நடக்கவே கூடாது, ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியமாட்டோம். மண்ணடி, பாரிமுனையின் பழைய கட்டடங்களில் சரக்கு லிஃப்டின் கதவைத் திறந்தே வைத்து ஓட்டுவதைக் கண்டால் அதில் ஏறாதீர்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இயந்திரங்களுக்கு மூடி, கண்ணுக்குப் பாதுகாப்பு, அடைபட்ட இடங்களில் 24 வோல்ட்டுக்கு மேற்படாத கை விளக்கு, 150 பேருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டி என்றெல்லாம் விரிவாகச் சொன்னது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் இடத்துக்கு, 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. மின்விசையால் இயங்கும் கூடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதியது அதை 20 ஆக்கிவிட்டது. 10 பேருக்கும் குறைவான பட்டறை, அரசு அபாயகரமானது என்று அறிவித்த தொழிலாக இருந்தாலொழிய, அந்தத் தொகுப்புக்கு வெளியிலேயே நிற்கிறது. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளே நிறைந்த தெருக்களுக்கு இது நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. விரல் போவதற்கு ஆள் எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல.

தொகுப்புக்குள் வரும் இடங்களில், தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. உடனடியாகக் கடுங்காயமோ உயிருக்குக் கேடோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அச்சம் உண்மை என்று தெரிந்தால் முதலாளி உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வாயால் சொல்வதைவிடத் தேதி போட்டு எழுதி, நான்கு பேர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுப்பது நல்லது. தனியாகப் பேசுபவரை வேலையைவிட்டு அனுப்புவது எளிது என்பதைப் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அவர்களிடையேதான் பிறந்தது.

எல்லாவற்றையும் மீறி விபத்து நடந்துவிட்டால், அடுத்த சில நிமிடங்கள் எப்படிக் கழிகின்றன என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். இரத்தம் பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூளோ மஞ்சள்தூளோ அப்பக்கூடாது. விரல் துண்டிக்கப்பட்டிருந்தால் அதைத் தேடி எடுத்து, ஈரப்படுத்திய சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வைத்து எடுத்துச்செல்ல வேண்டும். நேராக ஐஸ் மேல் வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும், தண்ணீரில் மிதக்கவிட்டால் ஊறிக் கெட்டுவிடும். பழைய வண்ணாரப்பேட்டைக்கு அருகிலேயே இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு தனித்துறை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி அதை உருவாக்கினார்; விரல்நுனிக் காயத்தை மூட அவரும் சக மருத்துவரும் 1980இல் வெளியிட்ட முறை இன்றும் கை அறுவைச் சிகிச்சையில் அவர் பெயரோடு வழங்குகிறது. அறுந்த விரலை அங்கே எவ்வளவு விரைவாகவும் சரியான முறையிலும் கொண்டுசேர்க்கிறோமோ, அதைப் பொருத்துவதற்கான வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சேர்த்த அன்றே விபத்துப் பதிவேட்டில் நேரத்தையும் இடத்தையும் சாட்சிகளையும் எழுத வைக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர், தொழிலாளர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் பதிவாகியிருந்தால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயமடைந்திருந்தாலும் அவருக்கு மருத்துவமும், வேலைக்குத் திரும்பும்வரை ஊதியத்தில் ஏறத்தாழ 90 சதவீதப் பணமும் கிடைக்கும்; வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் இது பொருந்தும். கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவருக்குப் பங்களிப்புச் செலுத்தப்படுகிறதா என்று கவனிக்கும் பொறுப்பு, வேலை நடக்கும் இடத்தின் முதன்மை முதலாளிக்கும் உண்டு. ஆகவே, வேலைக்குச் சேரும்போது கூலி எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், இஎஸ்ஐ எண் எப்போது வரும் என்றும் கேளுங்கள். வந்ததும் அந்த எண்ணை வீட்டில் உள்ளவர்களிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.